காட்டுயிர் ஓவியம்: வரைந்ததை நாலு பேருக்குக் காட்டி, விற்று, பெயர் வாங்குவது எப்படி?

"அண்ணா, புலி வரைஞ்சு போட்டேன். நாற்பது லைக் வந்துச்சு, ஒருத்தரும் வாங்கலை."

மாதத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு செய்தி எனக்கு வந்துவிடும். படத்தைத் திறந்து பார்த்தால் நன்றாகவே இருக்கும். மீசை, ரோமம், கண்ணில் ஒளிப்புள்ளி எல்லாம் சுத்தம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "புலியை நேரில் பார்த்திருக்கியா தம்பி?"

பெரும்பாலும் இருக்காது. யாரோ எடுத்த புகைப்படம். அதையே பார்த்து இன்னும் எத்தனையோ பேர் வரைந்திருப்பார்கள். அப்படியிருக்க, வாங்குகிறவர் உங்களைத் தேடி வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

இந்தப் பதிவு ஓரளவு வரையத் தெரிந்தவர்களுக்கு. எப்படி வரைவது என்று சொல்லப்போவதில்லை, வரைந்ததை என்ன செய்வது என்பதுதான் விஷயம். நான் திருநெல்வேலிக்காரன், பறவை வரைகிறவன். அதனால் உதாரணமெல்லாம் எங்கள் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தைச் சுற்றியே வரும். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள்

வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு ஏரி, குளம், கரடு, தோப்பு, ஏதாவது ஒன்று. ஒரு வருடம் அதையே வரையுங்கள். ஒரு நோட்டு, 2பி பென்சில், சின்ன வாட்டர்கலர் டப்பா போதும். முடிந்தால் ஒரு பைனாகுலர்.

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், இடம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிவிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பின்னால் இந்தக் குறிப்புதான் உங்கள் படத்தை மற்ற படங்களிலிருந்து பிரித்துக் காட்டும். வயலோரம் நிற்கும் மடையானையே எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்புக் கோடு போட்ட, கண்ணில் படாத பறவை. பறந்தால் மட்டும் வெள்ளை இறக்கை பளிச்சென்று விரியும். இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டால் முதுகு அரக்குச் சிவப்பாக மாறி, வேறு ஏதோ பறவை மாதிரி நிற்கும். இந்த மாற்றத்தை நாலு மாதம் தொடர்ந்து வரைந்து, நாலு படத்தையும் ஒரே தாளில் வைத்துப் பாருங்கள். அந்தத் தாளுக்கு ஆள் இருக்கிறது. நாற்பது லைக் வாங்கிய புலிக்கு இல்லை.

கூந்தன்குளத்தில் எனக்குக் கிடைத்த வசதி, மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் இருக்கிற மரங்களிலேயே கூடு கட்டுவது. தலையில் எச்சம் விழுந்தாலும் ஊர்க்காரர்கள் விரட்ட மாட்டார்கள், தீபாவளிக்கு வெடியும் போட மாட்டார்கள். குளிர்காலத்தில் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து இறங்கும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் 2022-இல் சேர்ந்துவிட்ட இடம். ஆனால் உங்கள் ஊர்க் கண்மாய்க்கு இப்படி எந்தப் பட்டமும் இல்லை என்றால் இன்னும் நல்லது. அங்கே வரைகிற ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

படி 2: பகிர்வதற்கு முன் சரிபாருங்கள்

என் முதல் பெரிய படம், சாம்பல் நாரை பறப்பது. கழுத்தை நீட்டி, காலை நீட்டி, கம்பீரமாக. ஒரு பறவை ஆர்வலர்கள் குழுவில் போட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "படம் அருமை சார். ஆனா இந்தப் பறவை கழுத்தை மடக்கிக்கிட்டுத்தான் பறக்கும்" என்றார். உண்மைதான். கொக்கும் சாம்பல் நாரை வகையும் கழுத்தை எஸ் போல மடித்துப் பறக்கும். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை வகை நீட்டிப் பறக்கும். தமிழில் இரண்டு கூட்டத்துக்கும் 'நாரை' என்றே பெயர் இருப்பதால் குழம்புவது சுலபம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து எந்தப் படத்தையும் வெளியிடும் முன் அவருக்கு அனுப்பிவிடுவேன். நீங்களும் உங்கள் மாவட்டத்தில் பறவை பார்ப்பவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அலகு, கண் நிறம், கால் நிறம், விரல்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பின்பக்கம் மடங்கும் முழங்கால் என்று நாம் வரைவது உண்மையில் பறவையின் கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கும். இது தெரிந்தாலே பாதிப் படங்கள் சரியாகிவிடும். இப்படிச் சரிபார்த்துக் கொடுப்பவர்கள்தான் உங்கள் முதல் ரசிகர்களும். எனக்கு வந்த முதல் மூன்று வேலைகளும் அந்த ஆசிரியர் வழியாக வந்தவை.

புகைப்படம் பார்த்து வரைவது தப்பில்லை. ஆனால் ஒரே படத்தை அப்படியே பெயர்த்தால் அது எடுத்தவரின் உரிமையில் கைவைப்பது. அனுமதி கேளுங்கள், நிறையப் பேர் சந்தோஷமாகத் தருவார்கள். விற்கப்போவதாக இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. கடையில் 'கீரி முடி பிரஷ்' என்று கொடுத்தால் வாங்காதீர்கள். கீரிப்பிள்ளை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன் முடியில் செய்த பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். காட்டுயிரை வரைய ஒரு காட்டுயிரைக் கொன்று எடுத்த முடியா? செயற்கை இழை பிரஷ்ஷே போதும்.

படி 3: ஸ்கேன்

போனில் எடுத்த படத்தை வைத்து நல்ல பிரிண்ட் போடுவது கஷ்டம். 600 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, ஒரு மூலக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 அளவில் நல்ல அச்சுக்கு 2480 × 3508 பிக்சல் வேண்டும், ஏ3 என்றால் 3508 × 4961. இணையத்தில் போடுவது 1080 பிக்சல் அகலத்துக்கு மேல் வேண்டாம். திருடினாலும் அதை வைத்து போஸ்டர் அடிக்க முடியாது. பெரிய கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

படி 4: பகிர்வது

படத்தை மட்டும் போட்டால் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்கள். களத்தில் போட்ட கிறுக்கல், பாதி முடிந்த படம், முழுப் படம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். எனக்கு எப்போதும் அதிகம் பகிரப்படுவது கிறுக்கல் பக்கம்தான், ஏன் என்று கேட்காதீர்கள்.

தமிழ்ப் பெயரை முதலில் எழுதுங்கள். முக்குளிப்பான், பாம்புத் தாரா, நத்தைகுத்தி நாரை என்று போட்டால் "எங்க ஊர்ல இதை வேற பேர் சொல்லுவோம்" என்று ஆட்கள் பேச வந்துவிடுவார்கள். அந்தப் பேச்சில் கிடைக்கிற வட்டாரப் பெயர்களையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இடத்தைச் சொல்லும்போது கவனம். கூடு இருக்கிற மரம், ஆந்தை பகலில் தங்குகிற பொந்து, தேவாங்கு நடமாடும் தோப்பு, இவற்றை அடையாளம் காட்டவே கூடாது. மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேமராக் கூட்டம் வந்து நிற்பதும், பிடித்து விற்பவன் வந்து நிற்பதும் இந்த ஒரு வரியால்தான்.

நேரமும் முக்கியம். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள், மார்ச் 20 சிட்டுக்குருவி நாள், ஜூலை 29 புலிகள் நாள், ஆகஸ்ட் 12 யானைகள் நாள், அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். இந்த நாட்களில் பத்திரிகை, பள்ளி, வனத்துறை எல்லாருக்கும் படம் தேவைப்படும். ஆனால் அன்று காலையில் போய் நின்றால் பயனில்லை, ஒரு மாதம் முன்பே அனுப்ப வேண்டும். நம்மூருக்கென்றே பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது, 2015 முதல் நடக்கிறது. அந்த நாலு நாளும் பார்த்ததை வரைந்து போடுங்கள். பறவை பார்ப்பவர்கள் மொத்தமாக விழித்திருக்கும் நேரம் அது.

படி 5: காசு

சிறிதாகத் தொடங்குங்கள். அஞ்சலட்டை, புக்மார்க், ஸ்டிக்கர், அப்புறம் ஏ4 பிரிண்ட். ஒரிஜினலை முதல் வருடமே விற்க அவசரப்படாதீர்கள்.

விலையை இப்படிப் போடலாம். உதாரணத்துக்கு, நல்ல தாளில் ஒரு ஏ4 பிரிண்ட் 120 ரூபாய், உறையும் அட்டையும் 40, ஸ்பீட் போஸ்ட் 90. ஆக 250 ஆகிவிட்டது. 300-க்கு விற்றால் உங்கள் ஒரு வாரத்துக்கு ஐம்பது ரூபாய் கூலி. 600 சொல்லுங்கள். "ரொம்ப அதிகம்" என்பவர் 350-க்கும் வாங்கப்போவதில்லை. பெரிய படத்தை அட்டையில் வைத்து அனுப்பி மூலை மடங்கி வந்த அனுபவம் எனக்கு உண்டு. இப்போது பிவிசி குழாயை அளவாக அறுத்து, சுருட்டி உள்ளே விட்டு அனுப்புகிறேன்.

கையில் முதல் இல்லையா? முன்பதிவு எடுங்கள். உங்கள் ஏரியின் இருபது பறவைகளை ஒரே போஸ்டரில் வரைந்து, மாதிரியைக் காட்டி, ஐம்பது பேர் பணம் கட்டினால் அச்சடிப்பேன் என்று தேதியோடு சொல்லுங்கள். ஐம்பது வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கமில்லை. இந்த மாதிரிப் போஸ்டருக்கு அந்த ஊர்ப் பள்ளி, ஊராட்சி, டீக்கடை வரைக்கும் வாங்குபவர்கள் உண்டு, அது அவர்கள் ஏரி என்பதால்.

விற்பதில் ஒரு பங்கு காட்டுயிர் பாதுகாப்புக்கு என்று சொல்ல ஆசையா? டேவிட் ஷெப்பர்ட் என்ற ஆங்கிலேய ஓவியர் 1973-இல் ஒரு புலி ஓவியத்தை பிரதிகளாக விற்று, இந்தியப் புலிகளைக் காக்க 1 லட்சத்து 27 ஆயிரம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். நம் அளவுக்கு நாமும் செய்யலாம். ஆனால் 'வருமானத்தில் ஒரு பகுதி' என்று மழுப்பாமல், பிரிண்டுக்கு நூறு ரூபாய், இன்ன அமைப்புக்கு என்று எழுதுங்கள். அந்த அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பெயரைப் போடுங்கள். கொடுத்ததும் ரசீதைப் பகிருங்கள்.

இப்போது ஒப்பந்தம். இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு தங்கும் விடுதிக்கு அதன் வரவேற்பறைச் சுவருக்காக இருவாச்சிப் பறவை ஒன்று வரைந்து கொடுத்தேன். பேசிய பணத்தைக் கொடுத்தார்கள், மகிழ்ச்சி. ஆறு மாதம் கழித்துப் போனால் அதே இருவாச்சி கோப்பையில், டீ சட்டையில், சாவிக்கொத்தில். சண்டை போடலாம் என்று ஒரு வக்கீல் நண்பரிடம் போனேன். 1957-ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-ஆவது பிரிவைக் காட்டினார். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். நான் எதுவும் எழுதி வாங்கவில்லை. முடிந்தது கதை.

அதனால் எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும் ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள்: காப்புரிமை ஓவியரிடமே இருக்கும், இன்ன பயன்பாட்டுக்கு, இத்தனை வருடத்துக்கு, இந்த ஊருக்கு மட்டும் அனுமதி, பெயர் போட வேண்டும், பாதிப் பணம் முன்பணம். நீங்களாக வரைந்த படத்தின் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் காலத்தைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். நீங்களாக வரைந்த படத்துக்குக் காப்புரிமை வரைந்த நொடியிலேயே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 60 வருடத்துக்கும் இருக்கும்.

நிறுவனங்கள் வரி பிடித்துக்கொண்டுதான் பணம் தரும். பான் எண்ணைக் கொடுத்து, வருடக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்தால், வருமானம் குறைவாக இருக்கிறவர்களுக்கு அது திரும்ப வந்துவிடும். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

படி 6: பெயர்

முதலில் படத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் வேண்டாம், வெட்டிவிடுவார்கள். பறவையின் காலடிக்குப் பக்கத்தில் சின்னதாக.

இது அற்ப விஷயமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்த நாட்டுச் செடியையும் பறவையையும் வரைந்து கொடுத்த நம்மூர்க் கைகளில் பெரும்பாலானவர்களின் பெயர் எங்கும் இல்லை. விதிவிலக்காக, மதராஸ் மாகாணத்தில் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் தன்னிடம் வேலை பார்த்த ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களின் பெயரையும் படங்களில் போட்டார். ஆர்க்கிட் வகை ஒன்றுக்கு கோவிந்துவின் பெயரையே வைத்தார். இன்றைய வகைப்பாட்டில் அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை, ஆனால் கோவிந்து யார் என்று நமக்குத் தெரிகிறது.

அடுத்து, தொடர்ச்சி. திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் காட்டுயிர் பற்றி எழுதினார், கூடவே தானே வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களும் வரும். நம் காலத்தில் ரோஹன் சக்ரவர்த்தி, பல் மருத்துவம் படித்தவர், 2009-இலிருந்து காட்டுயிர் கார்ட்டூன் போட்டுக்கொண்டே இருக்கிறார். இரண்டு பேருக்குமே ஒரு படத்தால் பெயர் வரவில்லை.

பிறகுதான் போட்டிகள். டேவிட் ஷெப்பர்ட் தொடங்கிய அறக்கட்டளை, ஆண்டின் சிறந்த வனவிலங்கு ஓவியருக்கான போட்டியை நடத்துகிறது, எந்த நாட்டினரும் கலந்துகொள்ளலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாசாவ் நகரத்து அருங்காட்சியகம் 1976 முதல் பறவை ஓவியங்களுக்கென்றே ஆண்டுக் கண்காட்சி வைக்கிறது. முதல் சுற்றுக்குப் படத்தின் கோப்பு போதும் என்றாலும், தேர்வானால் ஒரிஜினலை அனுப்ப வேண்டிவரும். நுழைவுக் கட்டணம், படத்துக்கு ஃபிரேம் போடும் செலவு, விமானக் கூரியர் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். முதல் வருடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு வகைப் போட்டி உண்டு: "எங்களுக்குச் சின்னம் வரைந்து அனுப்புங்கள், வெற்றி பெறுபவருக்குச் சான்றிதழ்." விதிமுறைகளின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். அனுப்புகிற எல்லாப் படங்களின் உரிமையும் நடத்துபவருக்கே என்று இருந்தால் மூடிவிட்டு எழுந்து வாருங்கள்.

அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது வனச்சரக அலுவலகம். ஏரியைப் பற்றிய ஒரு வருட நோட்டையும் அச்சான போஸ்டரையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். விளக்க மையத்துச் சுவர், பெயர்ப்பலகை, மாணவர்களுக்கான கையேடு என்று ஏதாவது ஒரு வேலை அங்கே நிற்கும். போகும்போது மின்னஞ்சலில் அனுப்ப வேண்டிய அந்த நாலு நிபந்தனைகளையும் தட்டச்சு செய்து பையில் வைத்துக்கொள்ளுங்கள்.