வெறுங்காலில் ஓடிக் கால் வலிக்கிறதா? முதலில் தொட்டுப் பாருங்கள்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். வெறுங்காலில் ஓடத் தொடங்கிய இரண்டாவது வாரமே அதை முழுதாகச் சுற்றி வந்தேன். மூச்சு இரைக்காததால் கால்களும் தயார் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் பாதத்தைத் தரையில் ஊன்றவே முடியவில்லை. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். பாத எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும்.

முதல் வேலை: வலிக்கும் இடத்தை விரலால் அழுத்திக் கண்டுபிடியுங்கள்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலுக்கு அடியில் சுருக்கென்று குத்தி, கொஞ்சம் நடந்ததும் குறைந்தால், உள்ளங்காலில் நீளும் தடித்த சவ்வு நொந்திருக்கலாம். கெண்டைக்கால் இறுகி வலித்தால், முன்பாதத்தை முதலில் ஊன்றி ஓடுவதால் கூடிய சுமைதான் பெரும்பாலும் காரணம்.

பாதத்தின் மேல்பக்கம் ஒரே புள்ளியில் வலித்து, வீக்கமும் இருந்தால் எலும்பில் மயிரிழைக் கீறல் இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இந்தக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று மறுபடி ஓடிவிடாதீர்கள். ஆற 6 முதல் 8 வாரம் ஆகலாம்.

அடுத்தது, வலியைத் தணிப்பது. கீறல் இல்லையென்றால், தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் வைத்து இரண்டு நிமிடம் உருட்டுங்கள். அப்புறம் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து எழும்பி, குதிகாலை மெதுவாக, மிக மெதுவாக இறக்குங்கள். 10 முறை போதும்.

வலி போனதும் 10 நிமிட ஓட்டம், ஒருநாள் விட்டு ஒருநாள். அடிகளைச் சின்னதாக வையுங்கள். மலைச்சாலை இறக்கத்தில் பாதத்தில் அடி பலமாக விழும். அங்கே நடந்தே வாருங்கள். தைப்பூசத்துக்குப் பழனி வரை வெறுங்காலில் நடக்கிறார்களே என்று கேட்பார்கள். நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை ஒற்றைக் காலில் இறங்குகிறது.

ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி கிடக்கும்போது ஓட வேண்டாம். மரத்துப்போன காலுக்குக் கல் குத்துவது தெரியாது. வெயில் வரட்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் எந்தப் பருவத்திலும் ஷூவோடுதான் ஓட வேண்டும்.