‘அப்பன் புத்தி’ என்று எழுதுவதற்கு முன்: இலங்கைத் தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கான வழிகாட்டி

பிள்ளையொன்று சக மாணவரை ஓயாமல் அடித்தாலோ, பணம் திருடினாலோ, "ரத்தத்தில் ஊறினது, அப்பன் புத்தி" என்ற பேச்சு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலும் ஆசிரியர் அறையிலும் ஒரே வேகத்தில் கிளம்பிவிடுகிறது. சமூக விரோத நடத்தையில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதை இரட்டையரையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், அந்தக் கணக்கு மக்கள் தொகுதி ஒன்றைப் பற்றியதே தவிர, உங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவனைப் பற்றியதன்று. நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தவர்களை ஆராய்ந்து 2002 இல் வெளியான ஆய்வும், குறித்த மரபணு வகையைக் கொண்டிருந்த ஆண்களில், சிறுவயதில் கொடுமைக்கு உள்ளானவர்களிடமே வன்முறை நாட்டம் குறிப்பாக உயர்ந்திருந்தது என்றுதான் கூறியது. ஆகவே, மாற்ற முடியாத மரபணுவை விட்டு, மாற்றக்கூடிய உடற்காரணங்களைத் தேடுங்கள்.

முதலில் காது. பிள்ளையின் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் பெயர் சொல்லி அழையுங்கள். திரும்பாவிட்டால், காதில் சீழ் வடிகிறதா என்று தாயிடம் விசாரியுங்கள். கேளாத கட்டளைக்குக் கீழ்ப்படியாதவனைத்தான் நாம் பலமுறை அடங்காதவன் என்கிறோம். அடுத்து உறக்கம்: வாயைத் திறந்து மூச்சு விடுவதும், இரவில் பலத்த குறட்டையும், பகலில் எரிச்சலும் சேர்ந்திருந்தால், மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியை மருத்துவர் சோதிக்க வேண்டும். ஒற்றைக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் வீட்டில் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. மரத்திலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ விழுந்து தலையில் அடிபட்ட பின் குணம் மாறியதா என்பதையும் கேளுங்கள். நெற்றிப்புற மூளைப் பகுதி பாதிக்கப்பட்டால் அவசரப் புத்தியும் கோபமும் கட்டுக்கு அடங்காமற் போகலாம்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கு நம்மவர்கள் வந்ததைப் போலவே தமிழர் தோட்ட வேலைக்குச் சென்ற மொரீசியஸ் தீவில், 1970களில் மூன்று வயதாயிருந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தார்கள். மூன்று வயதில் போசாக்குக் குறைவின் அறிகுறிகள் இருந்தோர் 8, 11, 17 வயதுகளில் கூடுதலான முரட்டு நடத்தையைக் காட்டினர். அதே தீவில், இரண்டு ஆண்டுகள் நல்ல உணவும் உடற்பயிற்சியும் கற்றலும் வழங்கிய பாலர் பாடசாலைக்குச் சென்றவர்களிடம் 17 வயதில் நடத்தைக் கோளாறுகள் குறைந்திருந்தன. முன்பு போசாக்குக் குறைந்திருந்தவர்களே அதிக பயன் பெற்றனர். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் பிள்ளை மடுவத்தின் உணவைச் செலவாக மட்டும் எண்ணுகிற நிர்வாகங்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியது, கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறம் வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். வெளிறியிருந்தால் இரத்தச்சோகையும் வயிற்றுப் பூச்சித் தொல்லையும் சோதிக்கப்பட வேண்டும்.

கர்ப்ப காலத்தில் மதுபானம் அருந்துவது சிசுவின் மூளையைத் தாக்கும், உண்மைதான். எனினும், அந்தக் கேள்வியைத் தாயிடம் ஆசிரியர் கேட்கக் கூடாது. அது மருத்துவர் தனிமையில் கேட்க வேண்டியது.

பார்த்தவற்றைத் திகதியிட்டு எழுதுங்கள்: "முரடன்" என்றன்று, "காலை இடைவேளைக்கு முன் இருமுறை அடித்தான், காலையுணவு உண்ணவில்லை" என்று. 1, 4, 7, 10 ஆம் தரங்களுக்கான பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்வரை காத்திராமல், குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயத்திலோ அந்தக் குறிப்பைக் கொடுங்கள். பிள்ளை வீட்டில் அடிபடுகிறது என்ற ஐயம் எழுந்தால் சிறுவர் உதவித் தொலைபேசியான 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள். பொலிஸுக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டுவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும்: தண்டனைச் சட்டக் கோவையின் 2018 திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது.

இரும்புச் சத்து மாத்திரை தொடங்கினால் சில மாதங்கள் தவறாமல் கொடுக்கப்பட வேண்டும் என்பதால், முதல் வாரத்தில் மாற்றம் காணவில்லை என்று கைவிடாமல், அடுத்த தவணை வரை அதே குறிப்பேட்டில் தொடர்ந்து எழுதி வாருங்கள்.