கரம் பலகையின் நிலை பாராமல் குறி வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியின் சனசமூக நிலையங்களில் மாலை வேளைகளில் கரம் ஆடப் பழகும் இளைஞர்கள், பலகை அன்றன்று எப்படி இருக்கிறது என்று பாராமல் நேற்று வைத்த குறியையே இன்றும் வைக்கிறார்கள். விரல் பிடிப்பையும் உட்காரும் முறையையும் எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, ஆட்டத்தையே இழக்கச் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பருவத்தை மறப்பது

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மாரியில் பலகை ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் காய் விரைவில் நின்றுவிடும். சோளகம் வீசும் மாதங்களில் பலகை காய்ந்து வேகமாகும். ஆனால் கிரவல் வீதிகளின் புழுதி அதில் படிந்து காயை உரசும். முன்பு பலகைக்கு மேலே தொங்கிய குண்டு பல்பின் வெப்பம் ஈரத்தை ஓரளவு போக்கியது. இப்போதைய எல்.ஈ.டி. விளக்குகள் அந்த வெப்பத்தைத் தருவதில்லை. அதற்காகப் பலகையை வெயிலில் சாய்த்து வைத்தால் அது வளைந்துவிடும்.

ஆட்டத்தின் நடுவே பவுடர் கொட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் தொடர்கின்ற, எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகின்ற தவறு இதுவே. காய் குழிக்கு நான்கு விரல் முன்னே நின்றுவிட்டால், உடனே அந்த இடத்தில் பவுடரைத் தூவி, அடுத்த அடியை முன்னையதைவிட ஓங்கி அடிக்கிறார்கள். பரப்பும் விசையும் ஒருசேர மாறிவிடுவதால், அதன் பிறகு காய் தவறினால் எதனால் தவறியது என்று அடித்தவருக்கே தெரியாது. பவுடர் விழுந்த பாதை வழுக்கும், விழாத பாதை இழுக்கும், குவிந்து கிடக்கும் இடமோ காயைத் தடுத்து நிறுத்தும்.

முல்லைத்தீவுப் பக்கம் மழைநாளொன்றில் நடந்த சுற்றுப்போட்டியில், இரண்டு காய்கள் மட்டுமே மீதமிருந்த ஓர் இளைஞர் வலக் குழியின் முன்னே இப்படித் தூவிவிட்டு ஓங்கி அடித்தார். காய் விழுந்தது. காய்களை அடிக்கும் வட்டான ஸ்ட்ரைக்கரும் அதன் பின்னாலேயே போய் விழுந்தது. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். காயோ ஐந்து கிராமை ஒட்டியது. ஆகவே நேராக மோதிய பின்னும் ஸ்ட்ரைக்கர் முன்னோக்கியே செல்லும், அதனை நிறுத்துவது பரப்பின் உராய்வுதான். அந்த உராய்வை அவரே துடைத்தெறிந்திருந்தார். விழுந்த காயும், ஸ்ட்ரைக்கர் விழுந்ததற்கான தண்டக் காயும் நடு வட்டத்துக்குத் திரும்பின. கைக்கு வந்திருந்த சுற்று எதிராளிக்குப் போனது.

ஆட்டம் தொடங்குமுன் பலகையை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பவுடரை மெல்லியதாகப் பரப்பிவிட்டு, பின்னர் ஸ்ட்ரைக்கரை மட்டும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். அடிகோட்டின் இடமுனை, நடு, வலமுனை ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒரே விசையில் எதிர்ச் சட்டத்துக்கு அடித்தால், எந்தப் பாதையில் அது குறைந்த தூரம் திரும்புகிறதோ அந்தப் பாதை மந்தமானது. அங்கே முதலில் விசையை மட்டும் மாற்றுங்கள், குறியைத் தொடாதீர்கள். வேகம் இரு மடங்கானால் காய் ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம் சறுக்கும் என்பதால், கூட்ட வேண்டிய விசை நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. விசை சரியான பின்னும் காய் ஒரே பக்கமாக விலகிச் சென்றால் மட்டுமே குறியை நகர்த்த வேண்டும்.

மட்டம் பாராதது

மேசன்மாரின் நீர்மட்டத்தைப் பலகையின் மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்க்கலாம். சாய்வைத் திருத்த முடியாவிட்டால், மெல்ல அடிக்கும் காய்களுக்கு மேட்டுப் பக்கமாகச் சற்று விலக்கிக் குறி வையுங்கள். வேகமாகச் செல்லும் காய் சாய்வுக்கு அவ்வளவாக வளையாது.

அழுக்குக் காயைச் சுத்தமான காயென்று எண்ணுவது

காயின் விளிம்பில் அழுக்கேறியிருந்தால் ஸ்ட்ரைக்கர் அதனைத் தான் செல்லும் திசைக்கே சிறிது இழுத்துச் செல்லும். ஆகவே காயின் ஓரத்தில் மோதும் ஓரவெட்டு அடியில் காயை வழக்கத்தைவிட மெலிதாகத் தொட வேண்டும். மெதுவான அடியில் இந்த இழுப்பு இன்னும் கூடும்.

முகப்பவுடர்

வேண்டாம்.

போரிக் பவுடர்

இதுவே ஏற்றது, ஆனால் வயிற்றுக்குள் போனால் நஞ்சு என்பதால், சிறுவர்கள் ஆடி முடித்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.