தீயணைப்பு உடை டெண்டரில் பிஎஃப்ஏஎஸ் தடையை எழுதுவது எப்படி?

பிஎஃப்ஏஎஸ் (PFAS) என்பது நீரையும் எண்ணெயையும் விலக்கச் சேர்க்கும் ஃபுளோரின் ரசாயனங்களின் குடும்பம். அதில் ஒன்றான பிஎஃப்ஓஏ (PFOA) 2023-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தப்பட்டது. அதற்காக ‘பிஎஃப்ஓஏ கூடாது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதே குடும்பத்தின் இன்னொரு ரசாயனம் அந்த இடத்துக்கு வந்துவிடும். ‘வேண்டுமென்றே சேர்த்த பிஎஃப்ஏஎஸ் எதுவும் கூடாது’ என்று மொத்த வகையையும் தடுங்கள்.

உடையின் மூன்று அடுக்குகளையும் (வெளித்துணி, நடுப்படலம், உள்ளே வெப்பத்தடுப்பு) தனித்தனியே குறிப்பிடுங்கள். வெளித்துணியில் நீர்விலக்குப் பூச்சாகவும், நடுவிலுள்ள ஈரத்தடுப்புப் படலத்தில் பிடிஎஃப்இ (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்) ஆகவும் பிஎஃப்ஏஎஸ் இருக்கும். தையல் மேல் ஒட்டும் நாடாவைப் பலரும் மறக்கிறார்கள்.

உறுதிமொழிக் கடிதம் போதாது. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் (batch) மாதிரி வெட்டி, மொத்த ஃபுளோரின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று முக்கியம், உயிர் சம்பந்தப்பட்டது: ஃபுளோரின் இல்லாத பூச்சு தண்ணீரை விலக்கும், எண்ணெயைச் சரியாக விலக்காது. பெட்ரோல் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். எரிபொருள் பட்ட உடையை உடனே கழற்றித் துவைக்கும் விதியையும், மாற்று உடையையும் அதே ஒப்பந்தத்தில் சேருங்கள்.