பட்டியலில் பச்சை, ஹோஸில் தண்ணீர் இல்லை: கப்பல் பராமரிப்பு மென்பொருளில் நாம் செய்யும் தவறுகள்

நான் செகண்ட் எஞ்சினியராக இருந்த ஒரு பல்க் கேரியரில் (நிலக்கரி, தானியம் மாதிரிச் சரக்கை மூட்டை கட்டாமல் கொட்டி ஏற்றும் கப்பல்) நடந்தது இது. துறைமுகத்தில் கட்டியிருந்தோம். ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர் எமர்ஜென்சி ஃபயர் பம்பை ஓட்டிக் காட்டச் சொன்னார். எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. வாரம் தவறாமல் ஓட்டிப் பார்க்கிற பம்ப்தான் அது. பராமரிப்பு வேலைகளைப் பட்டியலிட்டு, முடிந்ததைப் பச்சையாகக் காட்டும் மென்பொருளில் அத்தனை வாரமும் பச்சை. டீசல் எஞ்சின் ஒரே முயற்சியில் கிளம்பியது, பிரஷர் கேஜ் முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறியது. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "சரி, முன் டெக்கில் இரண்டு ஹோஸில் தண்ணீர் காட்டுங்கள்" என்றார்.

ஒரு சொட்டு வரவில்லை. பம்புக்கும் ஃபயர் லைனுக்கும் நடுவில் உள்ள டிஸ்சார்ஜ் வால்வு மூடிய நிலையில் துருவேறி இறுகிக் கிடந்தது. மூடிய வால்வை எதிர்த்து ஓடினாலும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் கேஜில் நல்ல பிரஷரைத்தான் காட்டும்.

இதில் யாரும் பொய் டிக் போடவில்லை. மென்பொருளில் அந்த வேலைக்கு எழுதியிருந்த வாசகம் இவ்வளவுதான்: எஞ்சினை 10 நிமிடம் ஓட்டி பிரஷரைக் குறிக்கவும். ஃபோர்த் எஞ்சினியர் அதை அப்படியே செய்திருந்தார். டெக்கில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லி எங்கும் எழுதவில்லை.

கப்பல் மென்பொருளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் எந்த கம்பெனியுடையது நல்லது, என்ன விலை, சாட்டிலைட் இணைப்பில் வேகமாக ஓடுமா என்றுதான் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் கெடுவது அங்கே இல்லை. அதற்குள் நாம் எதை எழுதி வைக்கிறோம், எதை டிக் செய்கிறோம் என்பதில்தான் கெடுகிறது.

வேலைப் பட்டியலைக் கடன் வாங்குவது

1987 மார்ச்சில் 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற, வண்டிகளையும் ஏற்றும் பயணிகள் கப்பல் முன்கதவை மூடாமலே பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிக் கவிழ்ந்து, 193 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த விவாதங்களில் பிறந்ததுதான் ஐ.எஸ்.எம். கோட் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பு. பயணிகள் கப்பல், டேங்கர், பல்க் கேரியர் ஆகியவற்றுக்கு 1998 ஜூலை முதலும் மற்ற சரக்குக் கப்பல்களுக்கு 2002 ஜூலை முதலும் அது கட்டாயமானது. அதன் 10-வது பிரிவு பராமரிப்பை ஒழுங்காகத் திட்டமிட்டுச் செய்து பதிவு வைக்கச் சொல்கிறது. மென்பொருள் வாங்கு என்று சொல்லவில்லை. பெட்டி பெட்டியாகப் பராமரிப்பு வேலைக் கார்டு வைத்திருந்தவர்கள் அந்தக் கார்டுகளையே கணினியில் தட்டச்சு செய்தார்கள். அதை அடுத்த கப்பலுக்குக் காப்பி அடித்தார்கள், பிறகு அதற்கடுத்த கப்பலுக்கு. இன்று பல கப்பல்களில் ஓடுவது அந்தப் பரம்பரைச் சொத்துதான்.

ஒரே யார்டில் கட்டிய சிஸ்டர் ஷிப்தானே என்று நினைப்போம். ஆனால் இரண்டாவது கப்பலில் எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையர் வேறு தயாரிப்பாக இருக்கும், ஏர் கம்ப்ரஸர் வேறு மாடலாக இருக்கும். பட்டியல் பழையதையே சொல்லும். அதில் உள்ள பார்ட் நம்பரை நம்பி ஆர்டர் போட்டால் பொருந்தாத கிட் ஒன்று ஏஜென்ட், கஸ்டம்ஸ், லாஞ்ச் செலவெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கும். கை அகல ரப்பர் வளையத்தைக் கப்பலில் சேர்க்கும் செலவு அதன் விலையைப் போலப் பல மடங்கு. புதுக் கப்பலுக்குப் பட்டியல் போடும்போது தயாரிப்பாளரின் மேனுவலையும், எஞ்சின் ரூமில் ஒவ்வொரு இயந்திரத்தின் பெயர்ப் பலகையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. சலிப்பான வேலைதான், சில வாரம் பிடிக்கும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தவர்கள் அதைப் பத்து வருடம் தவணையில் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

"தேவைக்கேற்பச் சரிபார்க்கவும்" என்று எழுதிய வேலை வேலையே இல்லை. எதைத் திறக்க வேண்டும், எதை அளக்க வேண்டும், அளவு எவ்வளவுக்கு மேல் போனால் மாற்ற வேண்டும் என்று இருந்தால்தான் எஞ்சின் ரூம் ஊழியரான மோட்டார்மேனிடம் கொடுத்து அனுப்ப முடியும்.

மணிக்கணக்கு

எஞ்சின் ரூமில் பாதி வேலைகள் நாட்கணக்கில் வருவதில்லை, இயந்திரம் ஓடிய மணிக்கணக்கில் வருகின்றன. அந்தக் கணக்கு தப்பினால் மேலே எவ்வளவு அழகான வரைபடம் வந்தாலும் அத்தனையும் தப்பு. இங்கே அடிக்கடி பார்க்கும் பிழைகள் சில உண்டு.

முதலாவது, மாதக் கடைசியில் கவுன்டரைப் போய்ப் பார்க்காமல் குத்துமதிப்பாகப் போடுவது. இதைப் பிடிக்கப் பெரிய புத்தி தேவையில்லை. 31 நாள் மாதத்தில் மொத்தமே 744 மணி நேரம்தான். எந்த இயந்திரமும் அதைத் தாண்டி ஓட முடியாது. ஆனாலும் 780 என்று எண்ட்ரி பார்த்திருக்கிறேன், மென்பொருளும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது. அதே போல, ஷாஃப்ட் ஜெனரேட்டரும் (மெயின் எஞ்சினின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுப்பது) கரை மின்சாரமும் இல்லாத கப்பலில் எப்போதும் ஒரு ஜெனரேட்டராவது ஓடியே ஆக வேண்டும். கப்பலில் மூன்று ஜெனரேட்டர் இருந்தால், 31 நாள் மாதத்தில் மூன்றின் கணக்கையும் கூட்டினால் 744-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் யாரோ கவுன்டரைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. கவுன்டர் பழுதாகிப் புதிது மாட்டுவோம், அது பூஜ்யத்திலிருந்து ஓடும். பழைய மணிக்கணக்கை மென்பொருளில் சேர்க்காவிட்டால் 40,000 மணி ஓடிய எஞ்சினை அது நேற்று பிறந்த குழந்தையாக நினைத்துக்கொண்டு ஓவர்ஹாலை வருடக்கணக்கில் தள்ளிவிடும்.

மூன்றாவதுதான் பெரும்பாலோர் விடுவது. எஞ்சினின் மூன்றாம் யூனிட்டில் (சிலிண்டரில்) கழற்றிய ஃப்யூயல் வால்வைச் சரிசெய்து ஐந்தாம் யூனிட்டில் மாட்டுகிறோம். மென்பொருள் மணிக்கணக்கை யூனிட்டோடு கட்டி வைத்திருக்கிறது, பாகத்தோடு அல்ல. அந்த வால்வின் உண்மையான வயது யாருக்கும் தெரியாமல் போகிறது. சுற்றில் வரும் பாகங்களுக்குத் தனி எண் அடித்து, வயதும் அதோடு பயணம் செய்யும்படி அமைக்கும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. அதைத் திறந்துகூடப் பார்க்காத கப்பல்கள் ஏராளம்.

பச்சைக்கு மார்க் போடுவது

ஆபீஸில் மாதம் ஒரு பட்டியல் சுற்றும். எந்தக் கப்பலில் எத்தனை வேலை ஓவர்டியூ (கெடு தாண்டியது), எத்தனை சதவீதம். சிவப்பு அதிகமான கப்பலின் சீஃப் எஞ்சினியருக்கு மெயில் வரும். அப்புறம் என்ன நடக்கும்? மாதக் கடைசி இரவில் அவர் கேபினில் உட்கார்ந்து வரிசையாக டிக் போடுவார். எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்பு: டெஸ்டட், ஃபவுண்ட் சாட்டிஸ்ஃபேக்டரி. ஒரு கப்பலில் அந்தக் குறிப்பில் இருந்த ஒரு எழுத்துப்பிழைகூட ஏழு மாதம் அப்படியே காப்பியாகி வந்திருந்தது.

அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. இருபது பேர் சொச்சம் உள்ள கப்பலில், துறைமுகத்துக்குத் துறைமுகம் இரண்டு நாள் இடைவெளியில் ஓடும்போது, 24 மணி நேரத்தில் 10 மணி ஓய்வும் வாரத்துக்கு 77 மணி ஓய்வும் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டத்தையும் காப்பாற்றிக்கொண்டு, பட்டியலில் உள்ள அத்தனையையும் செய்ய முடியாத மாதங்கள் உண்டு. அதை உண்மையாகச் சொன்னால் தண்டனை, பொய்யாகச் சொன்னால் பாராட்டு என்று அமைப்பு இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

கரையிலிருந்து கப்பல்களை மேற்பார்வை பார்க்கும் சூப்பரின்டென்டென்டாக இருப்பவர்கள் சதவீதத்தை விட்டுவிட்டு வேறு மூன்றைப் பார்க்கலாம். ஒரே நாளில் எத்தனை வேலை முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறது? ஓவர்ஹால் முடிந்தது என்கிறார்கள், ஸ்டோரிலிருந்து ஒரு கேஸ்கெட்டாவது குறைந்திருக்கிறதா? அளவு எழுத வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் அதே எண் வருகிறதா? புகைப்படம் கட்டாயம் என்று விதி போடுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது, பழைய படமே திரும்ப வரும். மாறாக, காரணம் சொல்லித் தள்ளிப்போடும் வழியை எளிதாக்குங்கள். எந்தக் கப்பலிலிருந்து ஒரு தள்ளிவைப்புகூட வருவதில்லையோ அங்கேதான் எனக்குச் சந்தேகம் வரும்.

2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் மின்சாரம் இழந்து பாலத்தில் மோதிய 'டாலி' என்ற சரக்குக் கப்பலை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். அமெரிக்க விசாரணைக் குழு வந்து சேர்ந்த இடம் ஸ்விட்ச்போர்டில் தளர்ந்திருந்த ஒரே ஒரு சிக்னல் ஒயர். அதில் மாட்டியிருந்த பெயர் லேபிள் தடுத்ததால் முனை டெர்மினலுக்குள் முழுதாக நுழையவே இல்லை. ஆயிரக்கணக்கான இணைப்புகளில் ஒன்று. 'ஸ்விட்ச்போர்டு பரிசோதனை' என்று ஒரு வரியில் முடித்துவிடும் பட்டியல் எதுவும் அந்த ஒயரிடம் போய்ச் சேராது.

அலாரம் அடிக்காததால் எல்லாம் சரி என்று நினைப்பது

2019 மார்ச் 23, நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதி. 'வைக்கிங் ஸ்கை' என்ற உல்லாசக் கப்பல் 1,370 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு புயலில் போகும்போது எஞ்சின்கள் அடுத்தடுத்து நின்றன. பாறைக் கரை அருகில் இருந்தது. எஞ்சினின் லூப் ஆயில் (மசகு எண்ணெய்) டேங்குகளில் எண்ணெய் குறைவாக இருந்ததும், பேரலையில் கப்பல் ஆடியபோது பம்ப் காற்றை உறிஞ்சியதும்தான் காரணம் என்று நார்வே அதிகாரிகள் சில நாளிலேயே சொன்னார்கள். கவனிக்க வேண்டியது இது: அந்த அளவு, அமைத்து வைத்திருந்த வரம்புக்குள்தான் இருந்தது என்றும் அவர்கள் அப்போது சொன்னார்கள். அலாரம் அடிக்காத அந்த அளவு, புயலுக்குப் போதவில்லை. ஆகவே லிமிட் எண்ணை யார், எப்போது, எதை வைத்துத் தீர்மானித்தார்கள் என்று வருடம் ஒருமுறையாவது கேட்க வேண்டும். சென்சார்களையே சரிபார்க்காமல் அவற்றின் மேல் 'முன்கூட்டியே பழுதைச் சொல்லும்' மென்பொருளை வாங்கி மாட்டுவதும் இதே வகைத் தவறுதான்.

எரிபொருள் செலவும் சீஃபின் சட்டைப்பையும்

ஓட்டச் செலவில் பெரிய பங்கு எரிபொருள். அதைக் குறைக்கத்தான் பெர்ஃபார்மன்ஸ் மென்பொருள் வாங்குகிறார்கள். அதற்குத் தீனி, கப்பல் தினமும் நண்பகலில் அனுப்பும் நூன் ரிப்போர்ட். அந்த நூன் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பது கப்பலில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். நல்ல நாளில் கொஞ்சம் கூடுதலாக எரித்ததாக சீஃப் எஞ்சினியர் எழுதி, பத்து இருபது டன்னைக் கணக்கில் வராமல் கையிருப்பாக வைத்துக்கொள்வது பழைய வழக்கம். பங்கரில் (எரிபொருள் நிரப்பும்போது) அளவு குறைந்து வந்தால் சமாளிக்கலாம் என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பொய் இப்போது இரண்டு இடத்தில் செலவு வைக்கிறது. ஒன்று, 'கப்பல் அதிகம் குடிக்கிறது, அடிப்பகுதியில் பாசி படிந்திருக்கும்' என்று மென்பொருள் முடிவு கட்டி, தேவையில்லாத ஹல் கிளீனிங்குக்கு ஆள் அனுப்பச் சொல்லும். இன்னொன்று வரி மாதிரி. 5,000 கிராஸ் டன்னேஜுக்கு (கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் அளவு) மேற்பட்ட கப்பல்களின் உமிழ்வுக்கு 2024 முதல் ஐரோப்பிய யூனியன் பணம் வாங்குகிறது. 2024-இன் உமிழ்வில் 40 சதவீதத்துக்கு, 2025-க்கு 70, 2026-இலிருந்து முழுவதுக்கும். ஒரு டன் ஹெவி ஃப்யூயல் ஆயிலுக்கு 3.114 டன் கார்பன் டை ஆக்ஸைடு என்று கணக்கு. ஐரோப்பிய யூனியன் துறைமுகங்களுக்கு இடையிலான பயணத்தில் எரிக்காத 10 டன்னை எரித்ததாக எழுதினால் இல்லாத 31 டன் புகைக்கு முதலாளி காசு கட்டுவார்.

வேகத்தையும் பாருங்கள். ஜி.பி.எஸ். காட்டுவது தரையை வைத்த வேகம். நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளினால் எந்தக் கப்பலும் குதிரைதான். அடிப்பகுதி எப்படி இருக்கிறது என்று அறிய நீரைக் கீறும் வேகமும், காற்று அதிகமான நாட்களைக் கழித்த கணக்கும் வேண்டும்.

ஸ்பேர் பற்றி ஒரே ஒரு கதை. ஒரு பிஸ்டன் ரிங் செட் வேண்டியிருந்தது, கணினியில் இரண்டு செட் இருந்தது. தூத்துக்குடி ஃபிட்டர் ஒருவர் சிரித்தார்: "சாப், அது போன ட்ரை டாக்லயே போட்டாச்சு. கம்ப்யூட்டர்லதான் இன்னும் இருக்கு." நீண்ட கடல் பயணத்தில் தினம் ஒரு ஷெல்ஃப் எண்ணினால் போதும்.

சர்வர் படுத்தால்

2023 ஜனவரி 7 அன்று கப்பல் தரச்சான்று நிறுவனமான டி.என்.வி.யின் 'ஷிப்மேனேஜர்' மென்பொருளின் சர்வர்கள், பணம் பறிக்கக் கணினிகளை முடக்கும் ரான்சம்வேர் தாக்குதலில் நிறுத்தப்பட்டன. சுமார் 70 வாடிக்கையாளர்கள், ஏறத்தாழ ஆயிரம் கப்பல்கள். கப்பலுக்குள் இருந்த பகுதி கரையின் தயவில்லாமல் தனியே ஓடும்படி அமைந்திருந்ததால் கடலில் வேலை நிற்கவில்லை. இப்போது எல்லாமே ப்ரௌசரில், எல்லாமே கரை சர்வரில் என்று விற்க வருபவர்களிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: ஒரு மாதம் இணைப்பு இல்லாவிட்டால் என் சீஃப் எஞ்சினியர் அடுத்த வேலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வார்? முக்கிய இயந்திரங்களின் பட்டியலை மாதம் ஒருமுறை அச்சிட்டுக் கண்ட்ரோல் ரூமில் வைப்பதைக் கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, பட்டியலைப் பூட்டி வைப்பது. கண்டபடி மாற்றிவிடுவார்கள் என்று பயந்து பல கம்பெனிகள் வேலை வாசகத்தைத் திருத்தும் உரிமையைக் கரையில் ஒருவரிடம் மட்டும் கொடுக்கின்றன. பயம் நியாயமானதுதான். ஆனால் கப்பலிலிருந்து போகும் திருத்தத்துக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு கெடு இருக்க வேண்டும். அந்த ஃபயர் பம்ப் வால்வை அன்றே கழற்றிச் சரிசெய்து, அன்றிரவே திருத்தக் கோரிக்கை அனுப்பினோம்: முன் டெக்கில் இரண்டு ஹோஸில் தண்ணீர் வருவதைப் பார்க்கவும், டிஸ்சார்ஜ் வால்வை முழுதாகத் திறந்து மூடவும். எங்கள் கப்பலின் பட்டியலில் அது ஏற நான்கு மாதம் ஆனது. அதே பட்டியலைக் காப்பி அடித்து ஓடிய மற்றக் கப்பல்களுக்கு அது போனதா என்று கேட்டு நான் இரண்டு மெயில் போட்டேன், பதில் வருவதற்குள் என் கான்ட்ராக்ட் முடிந்து இறங்கிவிட்டேன்.