கேபினெட் ஃபேன் ஓயாமல் இரைகிறதா? பின்னை எண்ணிப் பாருங்கள்

கணினியின் கேபினெட் ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் இரைந்தால், ஃபேன் கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். வயரில் எத்தனை பின் இருக்கிறது, மதர்போர்டு அதை எந்த மோடில் ஓட்டுகிறது என்று பாருங்கள். இவை இரண்டும் ஒத்துப்போகாததுதான் பெரும்பாலும் காரணம்.

மூன்று பின் ஃபேனில் ஒரு வயர் கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது வேகத்தை மதர்போர்டுக்குத் தெரிவிப்பது. இதன் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் வோல்டேஜைத்தான் குறைக்க வேண்டும். பயாஸில் (கணினியை இயக்கியதும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தினால் வரும் மதர்போர்டு அமைப்புத் திரை) இதற்கு டிசி மோடு என்று பெயர். நான்கு பின் ஃபேனில் 12 வோல்ட் குறையாது. நான்காவது வயரில் 25 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும் சிக்னலைப் பார்த்து ஃபேனே வேகத்தை மாற்றிக்கொள்ளும். இதுதான் பி.டபிள்யூ.எம். மோடு.

மூன்று பின் ஃபேன், மதர்போர்டில் ஃபேன் வயரைச் செருகும் நான்கு பின் ஹெடரில் தாராளமாக உட்காரும். ஆனால் ஹெடர் பி.டபிள்யூ.எம். மோடில் இருந்தால் சிக்னலை வாங்க ஃபேனில் வயரே இல்லை. 12 வோல்ட்டும் முழுசாகக் கிடைப்பதால் அது தலைதெறிக்க ஓடும். பயாஸில் அந்த ஹெடரை மட்டும் டிசிக்கு மாற்றுங்கள், அடங்கிவிடும். 'ஆட்டோ' சில நேரம் தவறாகக் கணிக்கும். கையால் மாற்றிவிடுவதே மேல்.

மாட்டும்போது திசையைக் கவனியுங்கள். சாதாரண ஃபேனில் ஸ்டிக்கரும் குறுக்குச் சட்டங்களும் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்பக்க ஃபேன் உள்ளே இழுக்கட்டும், பின்பக்கமும் மேலேயும் இருப்பவை வெளியே தள்ளட்டும். உள்ளே வரும் காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தால், அது ஃபில்டர் வழியாகவே வரும். இண்டு இடுக்கில் தூசி புகுவது குறையும்.

'சிபியு ஃபேன்' ஹெடர் பிராசஸர் கூலருக்கு மட்டும். அது காலியாக இருந்தால் பல போர்டுகள் ஃபேன் எரர் காட்டி எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றுவிடும். கூலர் மிக மெதுவாகச் சுற்றினாலும் இதே எரர் வரலாம். பயாஸில் குறைந்தபட்ச ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எல்லையை இறக்கினால் சரியாகும். வாட்டர் கூலர் என்றால் ரேடியேட்டர் ஃபேன்களை இங்கே செருகி, பம்பை அதற்கான ஹெடரில் செருகுங்கள்.

ஒரு ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும். ஃபேன் ஸ்டிக்கரில் 0.25 ஆம்பியர் என்றிருந்தால் ஒரு ஹெடரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயரில் மூன்று மாட்டலாம். நான்காவது வேண்டாம், கிளம்பும் நொடியில் ஃபேன் கூடுதலாக இழுக்கும். அதற்கு மேல் போனால், பல ஃபேன்களை மாட்டும் ஹப் ஒன்றை வாங்குங்கள். ஹப்புக்கு மின்சாரம் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) சாட்டா வயரிலிருந்து வரும், போர்டிலிருந்து சிக்னல் மட்டும் போகும். சாட்டா வயரைச் செருக மறந்துவிட்டு ஹப்பைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். இன்னொன்று: சிக்னலை மட்டும் பகிரும் இத்தகைய ஹப்பில் மூன்று பின் ஃபேனை மாட்டினால் அது முழு வேகத்தில்தான் ஓடும், பயாஸில் எதை மாற்றினாலும் பயனில்லை. ஸ்ப்ளிட்டரோ ஹப்போ, பயாஸில் ஒரு ஃபேனின் வேகம்தான் தெரியும். மற்றது நின்றுபோனாலும் எச்சரிக்கை வராது, அவ்வப்போது கண்ணால் பாருங்கள்.

வண்ண விளக்குள்ள ஃபேனில் விளக்கு வயர் தனி. ஏஆர்ஜிபி 5 வோல்ட், மூன்று பின். பழைய ஆர்ஜிபி 12 வோல்ட், நான்கு பின். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் திணித்தால் எல்இடி போயே போச்சு.

இனி வேகம். வெப்பத்துக்கேற்ப ஃபேன் வேகத்தை வளைகோடாக அமைக்கும் பயாஸ் பக்கத்தை ஏசஸ் போர்டில் கியூ-ஃபேன் என்றும் கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்றும் பார்ப்பீர்கள். 40 டிகிரி வெப்பத்துக்கு 30 சதவீத வேகம், 60க்கு 50, 75க்கு 75, 85க்கு 100 என்று தொடங்கலாம். டிசி மோடில் கீழே 40 சதவீதத்துக்குக் குறைக்காதீர்கள். சுமார் 5 வோல்ட்டுக்குக் கீழே பல ஃபேன்கள் கிளம்பாது.

பிராசஸர் வெப்பம் ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே 15 டிகிரி எகிறி இறங்கும். கேபினெட் ஃபேன் அதைப் பின்தொடர்ந்தால் ஊங் ஊங்கென்று ஏறி இறங்கிக் கடுப்பேற்றும். வெப்ப மூலமாக மதர்போர்டு சென்சாரைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஃபேன் வேகம் ஏறவும் இறங்கவும் எடுத்துக்கொள்ளும் ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன் நேரத்தைக் கூட்டுங்கள். கேம் ஆடுபவர்களுக்கு உண்மையில் தேவை கிராபிக்ஸ் கார்டின் வெப்பம். பல பயாஸ்களில் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது, விண்டோஸில் 'ஃபேன்கன்ட்ரோல்' என்ற இலவச மென்பொருளில் முடியும்.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கேபினெட் தகடு ரீங்கரித்தால், அந்த ஆர்.பி.எம்.மைக் குறித்துக்கொண்டு வளைகோட்டில் அந்த இடத்தைச் செங்குத்தாக்கி, ஃபேன் அதைச் சட்டென்று தாண்டிப் போகும்படி செய்யுங்கள்.