விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடர்புடைய கட்டுரைகளை ‘இவற்றையும் பார்க்க’ பகுதியில் அடுக்குவதா, வழிசெலுத்தல் பெட்டியில் (ஒரே துறைக் கட்டுரைகளின் இணைப்புகளைத் தொகுத்து அவை ஒவ்வொன்றிலும் இடும் பெட்டி) போடுவதா, பகுப்பிடம் (ஒரே வகைக் கட்டுரைகளைத் திரட்டும் பட்டியல்) விட்டுவிடுவதா என்ற வாதம் பேச்சுப் பக்கங்களில் ஓய்வதில்லை. மூன்றையும்விட நல்ல இடம் கட்டுரையின் வாக்கியம்தான். தஞ்சைப் பெருவுடையார் கோயில் கட்டுரையின் அடியில் ‘கங்கைகொண்ட சோழபுரம்’ என்று வெறும் பெயரைப் போட்டால் எதற்காக என்று வாசகருக்குத் தெரியாது. ‘1987-இல் உலகப் பாரம்பரியக் களமான இக்கோயிலுடன் 2004-இல் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் கோயில்களும் சேர்க்கப்பட்டன’ என எழுதி அங்கேயே இணைத்தால் உறவும் விளங்கிவிடும். அப்படி இணைத்ததை அடியில் மறுபடி போட வேண்டாம்.

வழிசெலுத்தல் பெட்டியை மட்டும் நம்பக் கூடாது. கைபேசித் தளத்தில் அது தெரிவதே இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு: ஒரே பெட்டி 50 கட்டுரைகளில் இருந்தால், ஒவ்வொன்றின் ‘இப்பக்கத்தை இணைத்தவை’ பட்டியலிலும் மற்ற 49-உம் வந்து நிற்கும். உரைக்குள் இணைத்தவை எவை என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு.

வேற்றுமை உருபில் பலர் தடுமாறுகிறார்கள். தலைப்பை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அது இணைப்பாகும்; [[மதுரை]]யில் என்று எழுதினால் போதும். அடைப்புக்கு வெளியே ஒட்டிய எழுத்துகளும் இணைப்போடு சேர்ந்துகொள்ளும். சொல்லின் ஈறு மாறினால் மட்டும் நடுவே செங்குத்துக் கோடு தேவை: [[காவிரி ஆறு|காவிரி ஆற்றின்]]. ‘காவிரி ஆற்றின்’ என்ற தலைப்பில் ஒரு வழிமாற்றை (வேறு பக்கத்துக்குத் தானே அனுப்பிவிடும் பக்கம்) உருவாக்கிச் சமாளிப்பது வேண்டாத வேலை.

இணைப்பு சிவப்பாக வந்தால் கட்டுரையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஔவையாரின் முதலெழுத்தை ‘ஒ’, ‘ள’ என இரண்டாகத் தட்டியிருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். உண்மையிலேயே இல்லாத, ஆனால் எழுதத் தகுந்த தலைப்பென்றால் சிவப்பாகவே இருக்கட்டும். ஆங்கில விக்கிக்குத் திருப்பிவிட்டால் இங்கே இடம் காலியாக இருப்பது யார் கண்ணிலும் படாது.

நீலமாக இருந்தே ஏமாற்றும் இணைப்புகள்தான் மோசம். [[கட்டுரை#பிரிவு]] என இணைத்தபின் அந்தப் பிரிவின் தலைப்பை யாரேனும் மாற்றினால் நிறம் மாறாது. வாசகர் கட்டுரையின் உச்சியில் போய் நிற்பார். பக்கவழி நெறிப்படுத்தல் பக்கத்துக்கு (ஒரே பெயருள்ள பல கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கம்) போகும் இணைப்பும் நீலம்தான். முன்தோற்றத்தில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சரியான கட்டுரைக்கு வழிமாற்று வழியாகப் போய்ச் சேர்ந்தால் அதைத் திருத்த வேண்டாம்.

உரைக்குள் பகுப்பைச் சுட்டும்போது முன்னால் முக்காற்புள்ளி இடுங்கள்: [[:பகுப்பு:சோழர் கோயில்கள்]]. அதை விட்டால் இணைப்பு உரையிலிருந்து மறைந்து, கட்டுரையே அந்தப் பகுப்பில் சேர்ந்துவிடும்.